கோப்பை வேட்டையா, பகட்டு வேட்டையா?

திருகோணமலை மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடை. காலையில் அங்கே பேப்பர் பார்க்க வருகிறவர்களில் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் உண்டு. எதை வாசித்தாலும் சத்தமாகத்தான் வாசிப்பார். அன்றைக்கு யாரோ போனில் நீட்டிய செய்தியை வாசித்தார்: "ஆப்பிரிக்காவில் கோப்பை வேட்டை, உலகெங்கும் கொதிப்பு." கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, சோத்துக் கோப்பையை எதுக்குக் காட்டுக்குள்ள போய்த் தேடுறாங்கள்?"

கடையே சிரித்தது. ஆனால் கேள்வி நியாயமானது. எங்கள் பக்கத்தில் கோப்பை என்றால் முதலில் நினைவுக்கு வருவது சோறு போட்டுச் சாப்பிடும் தட்டு. விளையாட்டில் வெல்வது கிண்ணம். 1996இல் இலங்கை அணி தூக்கியது உலகக் கிண்ணம்; தமிழ்நாட்டுப் பத்திரிகையில்தான் அது உலகக் கோப்பை. (கோப்பை என்ற சொல்லே போர்த்துக்கீச மொழியிலிருந்து வந்தது என்பது அகராதிக் கணக்கு. அந்தப் பறங்கிகளிடம் கொஞ்சம் கழித்து வருகிறேன்.) ஆங்கிலத்தின் 'ட்ரோபி ஹண்டிங்' என்ற தொடரை யாரோ ஒருவர், அல்லது ஏதோ ஒரு மொழிபெயர்ப்புச் செயலி, சொல்லுக்குச் சொல் மாற்றிவைத்ததில் பிறந்த பிள்ளை இந்தக் கோப்பை வேட்டை.

முதலில் பொருளைப் பார்ப்போம். இறைச்சி தேவையில்லை, பயிரை அழிக்கவந்த விலங்கும் இல்லை. தலை, கொம்பு, தோல், தந்தம் என்று ஏதாவது ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் நாலு பேர் பார்க்க வைப்பதற்காக ஒரு காட்டு விலங்கைக் கொல்வது. பெரும்பாலும் பெருந்தொகை கட்டி, அனுமதிப் பத்திரம் எடுத்து, வழிகாட்டியோடு போய்ச் சட்டப்படி செய்வது. இந்தச் 'சட்டப்படி'யைத் தவறவிட்டால் சொல் குழம்பிவிடும். இரவில் லைட் அடித்து மான் சுடுவது கள்ள வேட்டை. அது வேறு சாதி.

'ட்ரோபி'யின் பூர்வீகம் கிரேக்கம். 'ட்ரோப்பே' என்றால் திரும்புதல். போர்க்களத்தில் எதிரி எந்த இடத்தில் முதுகைக் காட்டித் திரும்பி ஓடினானோ, அந்த இடத்தில் வென்றவர்கள் ஒரு மரத்திலோ கம்பத்திலோ அவன் விட்டுப்போன தலைக்கவசம், மார்புக்கவசம், கேடயம் எல்லாவற்றையும் ஆள் நிற்பதுபோல மாட்டிவைப்பார்கள். அதற்குப் பெயர் 'ட்ரோப்பாயோன்'. தெய்வத்துக்குப் படைத்த பொருள் என்பதால் தோற்றவனும் அதைத் தொடமாட்டான். எனக்குப் பிடித்த செய்தி இனித்தான்: அதை மரத்தால்தான் செய்யவேண்டும், உக்கினால் திருத்தக்கூடாது என்று ஒரு வழக்கம் அவர்களிடம் இருந்ததாகப் பழைய கிரேக்க எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பகை என்றைக்கும் நிலைக்கக்கூடாதாம். மரம் உக்கும்போது அதுவும் உக்கிப்போகட்டும் என்ற எண்ணம். பிற்காலத்தில் அதையே கல்லிலும் கட்டினார்கள், ரோமர்கள் உட்பட. பிறகு சொல் லத்தீன், பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. நம் பள்ளிக்கூடப் புவியியலில் அயன மண்டலம் என்று படித்தோமே, அதன் ஆங்கிலப் பெயருக்கும் இதே 'திரும்புதல்'தான் வேர். அங்கே திரும்புவது சூரியன்.

தோற்றவனின் பொருளைக் காட்சிக்கு வைப்பது நமக்கும் புதிதில்லை. சங்க காலத்து அரசர்கள் பகைவனின் காவல்மரத்தை வெட்டினார்கள். நெடுஞ்சேரலாதன் கடம்பை வெட்டி அதில் முரசு செய்தான். பகைவர் முடியின் பொன்னை எடுத்துக் காலுக்குக் கழல் செய்து போட்டவனையும் புறநானூறு பாடுகிறது. அப்புறம் எங்கள் ஊர்க் கோட்டை. 1622இல் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே கொண்டு கட்டியது. ஒல்லாந்தர் அதைத் திருத்திக் கட்டினார்கள், ஆங்கிலேயர் பிறெட்றிக் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். வாசல் நிலைக்கல்லில் இரட்டைக் கயலும், "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கும் வரியும் இன்றும் இருக்கின்றன. ட்ரோப்பாயோன் என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு நான் அந்த வாசலைத்தான் காட்டுவேன்.

எதிரியின் கவசத்திலிருந்து வெள்ளிக் கிண்ணத்துக்கும், அங்கிருந்து சுவரில் மாட்டிய தலைக்கும் சொல் நகர்ந்தது. இரண்டாவது நகர்வுக்குப் பெரிய உந்துதல் கொடுத்தது 19ஆம் நூற்றாண்டு. லண்டனில் செத்த விலங்குகளின் உடலைக் கெடாமல் பாடம் செய்துகொடுத்த ரோலண்ட் வார்ட் என்பவர் 1892இல் ஒரு பதிவேடு வெளியிட்டார். எந்த விலங்கின் கொம்பு எத்தனை அங்குலம், சுட்டவர் யார் என்று வரிசை வரிசையாக. அதோடு வேட்டை நாடாக் கணக்காகிவிட்டது. மிக நீளமான கொம்பு, மிகப் பெரிய பிடரி, மிகப் பருத்த தந்தம். அதாவது, எப்போதும் பெரிய ஆண் விலங்கு. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், சொல்லுக்கு வரும்போது வேண்டும்.

அந்தக் கூத்தின் ஒரு காட்சி இலங்கையில் நடந்தது. மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். யானை விட்ட சாபம் என்று ஊர் சொன்னது. சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவர் மட்டுமா? அந்தக் காலத்தில் யானை சுட்டால் அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் 3500 யானைகளுக்கு மேல் போயின என்று, அப்போது இங்கே ஆங்கிலேய அரசாங்கத்தின் செயலாளராக இருந்த டெனன்ட் எழுதிவைத்திருக்கிறார். 1937இல் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தபோது காட்டில் முன்பிருந்ததில் எவ்வளவு மிச்சம் என்று யோசித்துக்கொள்ளலாம். நிலாவெளிக் கடலில் தெரியும் புறாத்தீவு கூட வெள்ளைக்காரர் காலத்தில் சூட்டுப் பயிற்சித் திடலாக இருந்த இடம்தான். 2003இலிருந்து அது தேசியப் பூங்கா.

சின்ன வயதில் உப்புவெளியில் மாமா ஒருவர் வீட்டு விறாந்தையில் ஒரு மரைத்தலை இருந்தது. அவர் சுட்டதில்லை. பழைய பங்களாச் சாமான் ஏலம்போனபோது வாங்கினாராம். கண்ணுக்குக் கண்ணாடிக் குண்டு, அதில் ஒன்று கொஞ்சம் பெரிது. இடது காதுத் தையல் விட்டு வைக்கோல் எட்டிப் பார்க்கும். மூக்குத் துவாரத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. கொம்பில் மாமாவின் குடையும் மாமியின் சந்தைப் பையும் தொங்கும். கீழே பித்தளைத் தகட்டில் ஆங்கிலத்தில் ஒரு பெயரும் ஆண்டும் இருந்தன, துடைத்துத் துடைத்து எழுத்தே தேய்ந்துபோய். அந்தத் துரையின் வீரத்தை உலகுக்குச் சொல்லவேண்டிய தகடு, கடைசியில் குடைக்குக் கீழே கிடந்தது. பாடம் செய்தல் என்ற சொல்லை நான் கற்றதும் அந்த விறாந்தையில்தான். புகையிலையைப் பாடம் போடுவது தெரியும். தலையையும் போடுவார்கள் என்று மாமா சொன்னபோது நம்பவில்லை.

சரி, இப்போதைய கொதிப்புக்கு வருவோம். 2015 ஜூலையில் சிம்பாப்வேயின் குவாங்கே பூங்கா எல்லைக்கு வெளியே செசில் என்ற சிங்கம் கொல்லப்பட்டது. ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டி மாட்டிக் கண்காணித்துவந்த விலங்கு. இரைகாட்டி இழுத்து, அமெரிக்கப் பல் வைத்தியர் ஒருவர் முதலில் அம்பால் அடித்தார். பல மணி நேரம் கழித்துத்தான் அது கொல்லப்பட்டது. அவர் கட்டிய தொகை 50,000 டொலர் அளவில் என்று செய்தி வந்தது. உலகமே திட்டித் தீர்த்தது. அடுத்த மாதமே அமெரிக்க விமான நிறுவனங்கள் சில, சிங்கத் தலை முதலானவற்றை ஏற்றமாட்டோம் என்றன. ஆனால் அதே ஆண்டு ஒக்டோபரில் சிம்பாப்வே அரசு, அவரது பத்திரங்கள் சரியாகத்தான் இருந்தன, வழக்கில்லை என்றது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2012இல், நாடே கடனில் மூழ்கியிருந்த நேரம் ஸ்பெயின் அரசர் யுவான் கார்லோஸ் போட்ஸ்வானாவுக்கு யானை வேட்டைக்குப் போய் இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். விழுந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. அரசர் மன்னிப்புக் கேட்கவேண்டியதாயிற்று. காட்டுயிர் காக்கும் அமைப்பொன்றின் ஸ்பெயின் கிளைக் கௌரவத் தலைவர் பதவியும் போயிற்று. ஆமாம், அந்தப் பதவியில்தான் அவர் இருந்தார்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கென்யா 1977இலேயே வேட்டையைத் தடைசெய்தது. போட்ஸ்வானா 2014இல் நிறுத்தி, 2019இல் மறுபடி திறந்தது. யானை மிதிப்பது எங்கள் குடியானவனின் தோட்டத்தை, தடை கேட்பது ஐரோப்பாக்காரனா என்பது அவர்கள் வாதம். 2024இல் ஜெர்மனி வேட்டைப் பொருள் இறக்குமதியை இறுக்கப் பார்த்தபோது, 20,000 யானைகளை அனுப்பிவைக்கிறோம், நீங்களே வளர்த்துப் பாருங்கள் என்றார் போட்ஸ்வானா ஜனாதிபதி. கந்தளாயிலோ மொறவெவயிலோ இரவிரவாக யானைக் காவல் இருக்கிறவர் இதைக் கேட்டால் தலையாட்டுவார். நானும் பாதி ஆட்டுவேன். தோட்டத்துக்குள் வந்த யானைக்கும், பட்டியல் பார்த்துத் தெரிந்தெடுத்த சிங்கத்துக்கும் வித்தியாசம் இருக்கிறதே என்பதுதான் மீதிப் பாதி.

இப்போது தமிழ்ச் சொல். விளையாட்டு வேட்டை என்று சிலர் எழுதுகிறார்கள். அது பரந்த சொல். தலையை எடுத்துப்போகாதவனும் அதில் அடங்குவான். வெற்றிச் சின்ன வேட்டை என்பது மூலத்துக்கு நெருக்கம்தான், ஆனால் நடந்ததை வெற்றி என்று நாமே ஒப்புக்கொடுத்துவிடுகிறது. கிரேக்கக் களத்தில் எதிரியின் கையிலும் வேல் இருந்தது. தொலைநோக்குத் துவக்குக்கு முன்னால் சிங்கம் எங்கே திரும்பி ஓடுவது? வாகை வேட்டை என்று ஒரு நண்பர் சொன்னார். வாகைப் பூவை இதற்குள் இழுக்க எனக்கு மனமில்லை.

விலங்கின் உறுப்பை எடுத்துவைப்பதற்கு நம்மிடம் பழைய வழக்குகள் உண்டு என்பதும் உண்மை. பிள்ளைகள் கழுத்தில் புலிப்பல் தாலி போட்டார்கள்; அது காப்பு. பட்டினப்பாலையின் பரதவர் சினைச் சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வத்தை ஏற்றி வணங்கினார்கள். கடலில் மீன் பிடிப்பதையும் வேட்டம் என்றே சொன்ன மக்கள் அவர்கள். வேட்கையும் வேட்டையும் ஒரே வேரில் முளைத்தவை என்று சொல்வோரும் உண்டு. மூதூர், வெருகல் பக்கத்துக் கரையோர வேடர்களுக்கு வேட்டை என்பது அடுப்பு எரிவது. இவை எதற்கும் 'ட்ரோபி' பொருந்தாது. பொருந்தாத இடத்தைத்தான் நமக்கு வேண்டிய சொல் காட்டவேண்டும்.

நான் சொல்வது பகட்டு வேட்டை. பகட்டு என்றால் வெளிவேடம், ஆடம்பரக் காட்சி. அது எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று உள்ளே ஒளிந்திருக்கிறது. பழந்தமிழில் பகடு என்றால் பெருமை, வலிமை. எருது, எருமைக்கடா, ஆண் யானை. ஆடு ஆட்டுத்தோல் ஆவதுபோல, பகடு வேட்டையோடு சேர்ந்தால் பகட்டு வேட்டை. பெரிய ஆண் விலங்கை ஆடும் வேட்டை என்றும் படிக்கலாம், பகட்டுக்காக ஆடும் வேட்டை என்றும் படிக்கலாம். ரோலண்ட் வார்ட்டின் நாடா அளந்தது இரண்டையும்தான். வேட்டையாடுபவர் பகட்டு வேட்டைக்காரர். சுவரில் தொங்கும் பொருளுக்கு, சுங்கப் பத்திரம் எழுதுகிறவர்கள் வேண்டுமானால் வேட்டைச் சின்னம் என்று எழுதட்டும். மற்றவர்களுக்கு மான்தலை, மரைக்கொம்பு என்று அந்தந்தப் பெயரே போதும்.

எங்கே பயன்படுத்தக்கூடாது என்பதும் வேண்டும். 2017இல் கல்கமுவவில் குறுக்குத் தந்தம் கொண்ட அந்தப் பேர்போன கொம்பன் யானையைக் கொன்றது கள்ள வேட்டை. பன்றிக்குக் கட்டும் கட்டுத்துவக்கில் வேறொன்று மாட்டினால், அது பொறி. பகட்டு அதில் இல்லை. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஆட்களைக் காயப்படுத்திய சிறுத்தையை அடித்துக் கொன்றார்களே, அது வேட்டையே இல்லை, பயமும் கோபமும். ஆனால் செத்த உடலோடு போனில் எடுத்த படங்கள் ஊரெல்லாம் சுற்றின. அந்தப் படத்துக்கு மட்டும் பகட்டு என்ற சொல் ஒட்டும் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் ஐயாவிடம் சொல்லி முடிக்க இரண்டு பிளேன்ரீ ஆயிற்று. வெளியே வழக்கம்போலப் புள்ளிமான்கள் பஸ் நிலையப் பக்கமிருந்து வந்து கடைவாசலில் வாழைப்பழத் தோலுக்கு நின்றன. அவற்றில் ஆண்மான் ஒன்றுக்குக் கொம்பு அப்போதுதான் உதிர்ந்திருந்தது. நெற்றியில் இரண்டு வட்டம் மட்டும் சிவப்பாக. ஆண்டுக்கொரு முறை தானே கழன்று விழும், பிறகு முளைக்கும். ஐயா தோலை நீட்டிக்கொண்டே கேட்டார்:

"அப்ப விழுந்த கொம்பைப் பொறுக்கிக்கொண்டுபோய் வீட்டில கொழுவினா?"

"அது பொறுக்கினது, ஐயா."

"பகட்டு?"

"கொழுவிப்போட்டு என்ன கதை விடுறீங்கள் என்கிறதைப் பொறுத்தது."