ஜெர்மனியிலிருந்து மும்பைக்கு ஒரு கோப்பு போகும் வழி

ஜெனீவாவுக்கு அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எல்எச்சி என்ற துகள் முடுக்கி வளையத்தில் செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகம் புரோட்டான்களை மோதவிடுகிறது. அதில் கிடைக்கும் தரவு ஒரு கட்டடத்துக்குள் அடங்காது. 40க்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ள சுமார் 170 கணினி மையங்கள் அதைப் பங்குபோட்டு வைத்துக்கொள்கின்றன, அலசுகின்றன. இந்தக் கூட்டமைப்பைத்தான் கிரிட் என்கிறார்கள். மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகமும் அதில் ஒன்று.

சரி, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே மையத்தில் இருக்கும் 10 ஜிபி கோப்பு மும்பைக்கு வேண்டும். என்ன செய்வது? நம் மடிக்கணினியில் இறக்கி, அங்கிருந்து மும்பைக்கு ஏற்றலாம். ஒரு கோப்புக்கு அது போதும், லட்சக்கணக்கில் வந்தால் நடக்காது. நெல் தரகர் போனில் பேசி முடிப்பார். மூட்டை களத்திலிருந்து நேரே ஆலைக்குப் போகுமே தவிர அவர் வீட்டு வாசலுக்கு வராது. கிரிட்டிலும் அதே ஏற்பாடுதான். செர்ன் உருவாக்கிய எஃப்டிஎஸ் என்ற சேவை, மும்பை சர்வரிடம் “கார்ல்ஸ்ரூவேயில் இன்ன கோப்பு இருக்கிறது, எடுத்துக்கொள்” என்று கட்டளை மட்டும் அனுப்பும். மும்பை சர்வர் நேரடியாக ஜெர்மனியோடு பேசி இழுத்துக்கொள்ளும். இடையிடையே எத்தனை பைட் வந்திருக்கிறது என்று எஃப்டிஎஸ்ஸுக்கு ஒரு வரி எழுதிப்போடும், அவ்வளவுதான்.

ஆனால், யாரோ சொன்னார்கள் என்று கார்ல்ஸ்ரூவே ஏன் கோப்பைக் கொடுக்க வேண்டும்? அதற்கு அனுமதிச் சீட்டு ஒன்று கூடவே போகிறது. முன்பெல்லாம் ஆய்வாளரின் அடையாளச் சான்றிதழிலிருந்து பிறந்த ஒரு குறுகிய காலப் பதிலிச் சான்றிதழ் போகும். அது கையில் கிடைத்தால் அவர் பெயரில் எதையும் செய்யலாம். இப்போது மெல்ல மெல்ல டோக்கனுக்கு மாறிவருகிறார்கள். எந்தப் பகுதியைப் படிக்கலாம், எவ்வளவு நேரத்துக்குள் என்பதெல்லாம் டோக்கனிலேயே எழுதியிருக்கும். திருட்டுப்போனாலும் சேதம் குறைவு. எனக்குக் கேட்டால், வேகத்தைவிட இந்த மாற்றம்தான் பெரிய முன்னேற்றம்.

வேகத்துக்கு எதிரி கம்பியின் அகலம் என்று நினைப்போம். பல நேரங்களில் எதிரி தூரம்தான். அனுப்புகிற சர்வர் ஒரு அளவு வரை அனுப்பிவிட்டு, “வந்து சேர்ந்தது” என்ற பதிலுக்குக் காத்திருக்கும். அந்த அளவு 64 கேபி, போய்வர 0.1 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 640 கேபிதான் போகும். கம்பி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சரி, 10 ஜிபிக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அதனால் காத்திருக்காமல் அனுப்பும் அளவைப் பல மெகாபைட்டுகளுக்கு உயர்த்துகிறார்கள். ஒரே கோப்பைப் பல ஓடைகளாகப் பிரித்தும் அனுப்பினார்கள். கிரிட்எஃப்டிபி என்ற பழைய முறையின் பலமே அதுதான். அதன் திறமூல வடிவத்துக்கான ஆதரவை அதை உருவாக்கியவர்கள் நிறுத்திக்கொள்வதாக 2017இல் அறிவித்ததும், நம் உலாவிகள் பேசும் அதே எச்டிடிபிக்கு கிரிட் நகரத் தொடங்கியது. இப்போது ஒரே நேரத்தில் பல கோப்புகளை ஓடவிட்டுக் கம்பியை நிரப்புகிறார்கள். எத்தனை கோப்பு என்பதை எஃப்டிஎஸ் தானே தீர்மானிக்கும்: எல்லாம் சரியாகப் போனால் கூட்டும், தோல்விகள் பெருகினால் குறைக்கும்.

அப்புறம், வந்தது அசலேதானா? இணையத்தின் அடிமட்ட நெறிமுறையிலும் பிழைச் சோதனை உண்டு. ஆனால் அது வழியில் நேரும் பிழைக்குத்தான். சர்வரின் நினைவகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு பிட் புரண்டால் அதற்குத் தெரியாது. ஆகவே முழுக் கோப்புக்கும் இரு முனையிலும் அட்லர்-32 என்ற எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடுகிறார்கள். கணக்கு எளிது. முதல் தொகை 1இல் தொடங்கி ஒவ்வொரு பைட்டையும் கூட்டிக்கொண்டே போகும். இரண்டாவது தொகை 0இல் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் முதல் தொகையைத் தன்னோடு கூட்டிக்கொள்ளும். 3, 5 என்ற இரு பைட்டுகள் வந்தால் முதல் தொகை 9, இரண்டாவது 13. வரிசை மாறி 5, 3 என்று வந்தால் முதல் தொகை அதே 9தான், ஆனால் இரண்டாவது 15 ஆகிவிடும். வெறும் கூட்டலுக்குத் தெரியாத இடமாற்றம் இதில் பிடிபட்டுவிடுகிறது. தொகைகள் பெருகிவிடாமலிருக்க 65521ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வார்கள். வேண்டுமென்றே ஏமாற்றுபவனை இது தடுக்காது. தற்செயலான பிழைக்குப் போதும், கணினிக்கும் பாரமில்லை.

எண்கள் ஒத்துப்போகாவிட்டால் இறங்கிய கோப்பை அழித்துவிட்டு மறுபடி முயற்சி. நெடுநாள் சேமிப்புக்காகக் காந்த நாடாவில், அதாவது டேப்பில், எழுதவேண்டிய கோப்பென்றால் இன்னும் ஒரு படி இருக்கிறது. டேப்புக்கு முன்னால் நிற்கும் டிஸ்க்கில் வந்து இறங்கியதை மட்டும் நம்பி மூலப் பிரதியை அழித்துவிட்டால், இடையில் அந்த டிஸ்க் பழுதானால் தரவு போயே போய்விடும். மோதலை மறுபடி நடத்திப் பார்க்க முடியாது. எனவே டேப்பில் எழுதியாயிற்றா என்று எஃப்டிஎஸ் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆயிற்று என்ற பதில் வந்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் குறித்துக்கொள்ளும்.