வியாழனுக்குள் ஒரு மணி நேரம்

வியாழனில் தரை கிடையாது. உள்ளே போகப் போக வாயு அடர்ந்து, சூடாகிக்கொண்டே போகும். அங்கே அனுப்பும் கலம் இறங்கும்போதே எல்லாவற்றையும் அளந்து, அப்போதே மேலே சொல்லிவிட வேண்டும். நாசாவின் கலிலியோ திட்டத்தில் போன 339 கிலோ ஆய்வுக்கலம் 1995 டிசம்பர் 7 அன்று அதைச் செய்தது. வியாழனின் மேகங்களுக்குள் இறங்கி அளந்த கலம் இன்றுவரை அது ஒன்றுதான்.

அதில் எஞ்சின் இல்லை. ஜூலையில் தாய்க்கலம் குறிபார்த்துச் சுழலவிட்டு விடுவித்ததோடு சரி. வியாழன் இழுத்த இழுப்பில் அதன் வேகம் நொடிக்கு 47 கிலோமீட்டரைத் தாண்டியது. அந்த வேகத்தில் மோதும்போது கலத்துக்கு முன்னால் நசுங்கும் வாயு, சூரியனின் மேற்பரப்பை விடச் சூடாகிவிடும். கார்பன் கலந்த வெப்பக்கவசம் மேலிருந்து அடுக்கடுக்காக ஆவியாகி, அந்த வெப்பத்தையும் தன்னோடு கொண்டு போய்விடும். 152 கிலோ கவசத்தில் சுமார் 80 கிலோ இப்படியே போயிற்று! இரண்டே நிமிடத்தில் வேகம் அடங்கியது. அப்புறம் பாராசூட் விரிந்தது, மிச்சக் கவசம் கழன்று விழுந்தது, கருவிகள் வாயுவை முகர ஆரம்பித்தன.

தகவல்கள் 2 லட்சம் கிலோமீட்டருக்கு மேலே பறந்த தாய்க்கலத்துக்குப் போயின. அதன் பெரிய ஆன்டெனா 1991-லேயே விரியாமல் சிக்கிக்கொண்டதால், அது எல்லாவற்றையும் பதிந்து வைத்து, சின்ன ஆன்டெனா வழியாக மெதுவாகப் பூமிக்கு அனுப்பியது. அழுத்தம் பூமியில் உள்ளதைப் போல 22 மடங்கும், வெப்பம் 150 டிகிரியும் ஆனபோது கலத்தின் குரல் நின்றது.

எதிர்பார்த்த அளவு தண்ணீர் அங்கே இல்லை. காரணம், கலம் இறங்கியது வறண்ட காற்று கீழிறங்கும், மேகம் விலகிய ஒரு இடத்தில். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தண்ணீர் விஷயத்தில் பலிக்கவில்லை. தண்ணீர் மேகமாகும், மழையாகும், இடத்துக்கு இடம் மாறும். பின்னால் ஜூனோ விண்கலம் மேலிருந்தே மைக்ரோஅலைகளை அளந்து, நடுக்கோட்டருகே நிறையத் தண்ணீர் இருப்பதைக் காட்டியது.

ஆனால் நியான் போன்ற மந்த வாயுக்களுக்கு அந்தப் பழமொழி பொருந்தும். அவை அங்கே மேகமாவதில்லை, எதோடும் சேர்வதில்லை. ஆகவே ஓரிடத்து அளவே போதும். என்னைக் கேட்டால், கலிலியோவின் பெரிய கண்டுபிடிப்பு இங்கேதான். சூரியனில் இருக்கும் விகிதத்தில் பத்தில் ஒரு பங்கு நியான்தான் அங்கே இருந்தது. வியாழனின் ஆழத்தில், உலோகம் போல மாறிய ஹைட்ரஜனோடு ஹீலியம் கலக்க மறுத்து, துளிகளாகப் பிரிந்து கீழே பொழிகிறது. நியான் அந்தத் துளிகளில் கரைந்து கூடவே இறங்கிவிடுகிறது என்பதுதான் விஞ்ஞானிகள் தரும் விளக்கம்.