இறாலுக்கும் சிடி ஸ்கேன் ஊசிக்கும் என்ன பகை?

பினாங்கு வாசகி ஒருவரின் கேள்வி: “இறால் சாப்பிட்டால் எனக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும், பெலாச்சான் கூட ஆகாது. சிடி ஸ்கேன் பாரத்தில் கடலுணவு ஒவ்வாமை உண்டா என்று கேட்கிறார்கள். கான்ட்ராஸ்ட் ஊசி (படத்தில் ரத்தக்குழாய் தெளிவாகத் தெரியப் போடும் அயோடின் மருந்து) போடலாமா?”

போடலாம். கடலுணவிலும் அயோடின், ஊசியிலும் அயோடின் என்பதால் வந்த பயம் இது. ஆனால் இறாலில் உங்கள் உடம்பு எதிர்ப்பது பெரும்பாலும் ட்ரோப்போமயோசின் என்ற தசைப் புரதத்தை, அயோடினை அல்ல. அயோடின் நம் தைராய்டு ஹார்மோனிலேயே இருக்கிறது. அந்தக் கேள்வியைப் பாரத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்பேன். அதற்குப் பயந்து தேவையான ஸ்கேனைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. ஆஸ்துமாவோ வேறு கடுமையான ஒவ்வாமையோ இருந்தால் சொல்லுங்கள். ஆபத்து சற்றுக் கூடும்.

பென்சீன் வளையத்தில் மூன்று அயோடின் அணுக்கள்: கான்ட்ராஸ்ட் மருந்தின் அடிப்படை இதுதான். கனமான அயோடின் எக்ஸ்கதிரை உறிஞ்சுவதால் ரத்தக்குழாய் வெள்ளையாகத் தெரிகிறது.

ஒவ்வாமை எங்கே வருகிறது? தோலுக்கடியிலும் மூச்சுக்குழாயிலும் ரத்தக்குழாய்களை ஒட்டியும் மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஹிஸ்டமின் (அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ரசாயனம்) நிரம்பிய நுண்பைகள். இறால் விஷயத்தில், முதல் சந்திப்பில் ஐஜிஇ (IgE) என்ற ஒவ்வாமை எதிர்ப்பான்கள் உருவாகி இந்தச் செல்களின் மேல் அமர்கின்றன. அடுத்த முறை புரதம் வந்து அவற்றில் இரண்டை இணைத்ததும் பைகள் வெடிக்கின்றன. கான்ட்ராஸ்ட் மருந்துக்குப் பெரும்பாலும் இந்த முன்னேற்பாடே தேவையில்லை. மாஸ்ட் செல்லை நேரடியாகவே தூண்டிவிடும். அதனால்தான் வாழ்நாளின் முதல் ஊசியிலேயே தடிப்பு வரலாம். விளைவென்னவோ ஒன்றுதான்: ரத்தக்குழாய்கள் விரிந்து கசியும், மூச்சுக்குழாய் இறுகும். (சிலருக்கு ஐஜிஇ வழியாகவும் வரும், கடுமையானவற்றில் அது கணிசம்.)

கரைந்ததும் மின்னூட்டத் துகள்களாகப் பிரியும் பழைய அயனி கான்ட்ராஸ்ட் மருந்துகளின் சவ்வூடு அடர்த்தி (கரைந்த துகள்களின் செறிவு) ரத்தத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். அப்படிப் பிரியாத இன்றைய அயனியற்றவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மடங்குதான். ஜப்பானில் கத்தயாமா குழு 337,647 ஊசிகளை ஆராய்ந்து 1990-இல் வெளியிட்டது: பழையவற்றில் எதிர்விளைவு 12.66 விழுக்காடு, அயனியற்றவற்றில் 3.13; கடுமையானது 0.22, 0.04.

விநாடிக்கு 3, 4 மில்லி வேகத்தில் 80 முதல் 100 மில்லி ஏறும்போது உடம்பு சுடும், வாயில் இரும்புச் சுவை வரும், சிறுநீர் போனதுபோல் இருக்கும். அது ஒவ்வாமையல்ல, ஓரிரு நிமிடத்தில் அடங்கும். அரிப்பு, தொண்டை இறுக்கம், மூச்சுத்திணறல் வந்தால் உடனே குரல் கொடுங்கள். மூச்சு திணறினால் முதல் மருந்து தொடைத் தசையில் அட்ரினலின், பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம் வரை. அரிப்பு மாத்திரை மூச்சுக்குழாயைத் திறக்காது. பெரும்பாலானவை சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும் என்றாலும், அரை மணி நேரம் அங்கேயே இருங்கள்.

முன்பு எதிர்விளைவு வந்தவர்கள் “அயோடின் ஆகாது” என்று எழுதி வைத்தால் பயனில்லை. எந்த மருந்து என்ற பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறொன்றுக்கு மாற்ற அந்தப் பெயர்தான் மருத்துவருக்கு வேண்டும்.