வெயில் நாளில் ஏற்காட்டு மூடுபனி

கோடையில் ஏற்காட்டுக்குப் படம் எடுக்கப் போகும் குறும்படக் குழுக்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது: கதையில் மூடுபனி இருக்கிறது, மலையில் இல்லை. அறை எடுத்துத் தங்கிக் காத்திருக்கக் கையில் காசும் இருக்காது. இலவச மென்பொருளை வைத்தே பனியைக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் காட்சியின் மேல் ஒரு புகை வீடியோவைத் தூக்கிப் போட்டால் அது பனி ஆகாது.

மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். மரத்திலிருந்து கேமராவுக்கு வரும் ஒளியை அவை வழியிலேயே சிதறடிக்கின்றன. கூடவே வானத்து ஒளியைக் கேமராவின் பக்கம் திருப்பியும் விடுகின்றன. தூரம் கூடக் கூட மரத்தின் ஒளி குறையும், பனியின் வெளுப்பு ஏறும். 20 மீட்டரில் பாதி ஒளி தப்பி வருகிறது என்றால், 40 மீட்டரில் கால் பங்கு, 60 மீட்டரில் அரைக்கால்தான். அதனால்தான் பக்கத்துக் காப்பிச் செடி பச்சையாகவே நிற்க, பின்னால் உள்ள சில்வர் ஓக் சாம்பலாகி, எதிர் மலை காணாமலே போகிறது. புகை வீடியோவுக்குத் தூரம் தெரியாது. செடியையும் மலையையும் ஒரே அளவில் வெளுக்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ பொய் என்று பட்டுவிடும்.

சரி, தூரத்தை மென்பொருளுக்கு எப்படிச் சொல்வது? கேமரா ட்ரைபாடில் அசையாமல் நின்றிருந்தால் எளிது. செடி, மரம், மலை என்று அடுக்கடுக்காக மாஸ்க் (ஒரு பகுதியை மட்டும் தனியே பிரிக்கும் எல்லைக்கோடு) வரைந்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அளவில் வெளுப்பு சேர்த்தால் போதும். மாஸ்க் வேலை சேலத்துக்குப் புதிதும் அல்ல. ஏற்காடு சாலையில் இன்றும் நுழைவாயில் வளைவு நிற்கிறதே, அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ 1940-லேயே ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு.சின்னப்பாவை இரட்டை வேடத்தில் காட்டியது. லென்ஸின் ஒரு பாதியை மறைத்து எடுத்து, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை எடுப்பதுதான் அந்தக் காலத்து வழி.

கேமரா நகர்ந்தால்தான் பிளெண்டர் என்ற இலவச 3D மென்பொருள் வேண்டும். 2002-இல் பொதுமக்கள் 1,00,000 யூரோ திரட்டி இதன் மூல நிரலை விலைக்கு வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். காசில்லாமல் படம் எடுக்கும் ஒவ்வொருவரும் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். கொண்டை ஊசி வளைவில் நடந்தபடி எடுத்தால், அருகில் உள்ள கைப்பிடிச் சுவர் ஃப்ரேமில் வேகமாக நகரும், தூரத்து மரம் மெதுவாக நகரும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பிளெண்டர் கேமரா போன பாதையைக் கணக்கிடுகிறது. அதற்குக் குறைந்தது 8 புள்ளிகளைத் தொடர்ந்து பின்தொடர வேண்டும். நின்ற இடத்திலேயே கேமராவைத் திருப்பினால் இந்த வித்தியாசம் கிடைக்காது. ஃபோனில் ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷனையும் அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு ஃப்ரேமையும் வளைத்து நறுக்குவதால் கணக்கு குழம்பும்.

பாதை கிடைத்ததும் பிளெண்டருக்குள் சாலைக்கு ஒரு தளம், மரங்களுக்குச் சில பெட்டிகள் என்று தோராயமாக வைத்தால், தூரத்தைக் கறுப்பு வெள்ளையில் காட்டும் படம் ஒன்று கிடைக்கும். அதன்படி பனியைக் கலக்கலாம். நடிகர் மட்டும் இந்தப் பெட்டிகளில் அடங்கமாட்டார். அவரை ஃப்ரேம் ஃப்ரேமாகக் கையால்தான் மாஸ்க் வரைந்து பிரிக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை அதுதான். அதனால் பனிக் காட்சிகளைச் சுருக்கமாக எழுதிக்கொள்வது நல்லது.

எந்த மென்பொருளாலும் எளிதில் அழிக்க முடியாத ஒன்று நிழல். அடர்ந்த பனியில் ஒளி எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் கூர்மையான நிழல் விழாது. ஆகவே வெயில் ஏறும் முன்போ, மேகம் மூடிய நேரத்திலோ எடுங்கள். அப்புறம், ஃபோன் வீடியோவில் எப்போதும் கொஞ்சம் நுண்புள்ளி இரைச்சல் இருக்கும்; நாம் சேர்த்த பனியோ துடைத்துவைத்ததுபோல் இருக்கும். கடைசியில் பனியின் மேலும் அதே அளவு இரைச்சலைத் தூவிவிட்டு, இறுதி வீடியோவாக ரெண்டர் கொடுங்கள்.