மாரத்தானுக்கு முன் ஒரு மலையிறக்கம்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர், ஆகஸ்ட் இறுதியில் நடைபெறும் 'ஹுட் டு கோஸ்ட்' ரிலேயில் முதல் ஓட்டக்காரராக வருமாறு அலுவலக அணியினர் தம்மை வற்புறுத்துவதாகவும், அது முடிந்து பதினைந்து நாளில் தம் முதல் மாரத்தானை ஓட வேண்டியிருப்பதாகவும் எழுதி, இரண்டையும் ஓடலாமா என்று கேட்டிருக்கிறார்.

1982-இல் எட்டு அணிகளோடு தொடங்கிய அந்த ரிலே, ஹுட் மலையிலுள்ள டிம்பர்லைன் விடுதியிலிருந்து பசிபிக் கரையின் சீசைடு ஊர் வரை ஏறக்குறைய 320 கி.மீ. செல்கிறது. பன்னிரண்டு பேர் 36 கட்டங்களைப் பங்கிட்டுக்கொண்டு இரவு பகலாக ஓடுவதால், ஒருவருக்கு மூன்று கட்டங்களும் சராசரியாக 27 கி.மீ. தூரமும் வரும். மாரத்தானின் 42.195 கி.மீ. தூரத்தோடு இதை ஒப்பிட்டுத்தான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் முதல் கட்டம் சுமார் 9 கி.மீ. தூரத்துக்குள் ஏறத்தாழ 600 மீட்டர் கீழே இறங்குகிறது என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

களைப்பைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஓட்டத்தில் கரையும் கிளைக்கோஜன் என்னும் தசையின் சர்க்கரைச் சேமிப்பு, வயிறார உண்டு ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் பெரும்பாலும் மீண்டும் சேர்ந்துவிடும். லாக்டிக் அமிலம் தசையில் தேங்கி நாள்கணக்கில் வலி தருகிறது என்பது உடற்பயிற்சிக் கூடங்களில் வாழும் மூடநம்பிக்கை. ஓட்டம் நின்று ஓரிரு மணி நேரத்திலேயே அதன் அளவு இயல்புநிலைக்குத் திரும்பிவிடுகிறது. அதை 'வெளியேற்றுவதாக'ச் சொல்லி எண்ணெய் விற்பவர்களை நான் தாயத்து விற்பவர்களோடுதான் சேர்ப்பேன்.

அப்படியானால், பழனி மலைப் படிகளில் ஏறும்போது மூச்சு வாங்கியவருக்கு, இறங்கி வந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிப்பது ஏன்? கிணற்றிலிருந்து நீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நிறைந்த வாளியை மேலே இழுக்கும்போது கைகள் கயிற்றை மாற்றி மாற்றிப் பற்றுகின்றன. தசையில் மயோசின் என்னும் புரதத்தின் தலைகள் ஆக்டின் என்னும் மற்றொரு புரதத்தின் இழையைப் பற்றி இழுப்பதும் அவ்வாறே. அதே வாளியை மெல்லக் கீழே இறக்கினால், பிடியை மீறிக் கயிறு உருவிக்கொண்டு போய் உள்ளங்கையைத் தோலுரிக்கும். இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் தொடையின் முன்தசை, சுருங்க முயன்றுகொண்டிருக்கும்போதே உடலின் எடையால் நீட்டப்படுகிறது.

தசை இழையொன்றில் இரண்டு மைக்ரோமீட்டர் அளவிலான சார்கோமியர்கள் என்னும் சுருங்கும் நுண்ணலகுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலிபோல் கோக்கப்பட்டுள்ளன. அவை எல்லாம் சமவலிமை உடையவை அல்ல. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மோர்கன் 1990-இல் முன்வைத்த, இன்றும் விவாதிக்கப்படும் கருதுகோளின்படி, நீட்சி முழுவதையும் எல்லாச் சார்கோமியர்களும் சமமாகப் பகிர்ந்துகொள்வதில்லை. மிக நலிந்த ஒன்று முதலில் நீள்கிறது; நீண்டதால் ஆக்டினும் மயோசினும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்பு குறைந்து மேலும் நலிகிறது; நலிந்ததால் இன்னும் வேகமாக நீண்டு, இறுதியில் டைட்டின் என்னும் பெரும்புரதத்தின் மீள்விசை மட்டுமே அதைத் தாங்குகிறது. தளரும்போது சில சார்கோமியர்கள் பழையபடி கோத்துக்கொள்ளத் தவறி, அருகிலுள்ள சவ்வும் கிழிய, கால்சியம் கசிந்து, பழுதுபார்க்கும் வெள்ளணுக்கள் அங்கே வந்து சேர ஒரு நாளாகிறது. வலி தாமதமாக வருவது அதனால்தான். இந்தக் கருத்தைச் சோதித்த ஆய்வுகளில் ஒன்று தேரைத் தசையில் நடந்தது. தேரைக்கால் ஆராய்ச்சிக்கு வரிப்பணமா என்று கேலி பேசுவோர், தங்கள் மூட்டு மருத்துவரின் அறிவு எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை விசாரிக்கலாம்.

இவ்வாறு சிதைந்த இழைகள் குளுக்கோஸை எடுத்துக்கொள்வதிலும் மந்தமாகிவிடுவதால், நான் மேலே எளிதாகக் கடந்துவிட்ட கிளைக்கோஜன் நிரப்பும் வேலையும் தடைபடுகிறது. கடுஞ்சிதைவுக்குப் பின் தசை வலிமை முழுமையாக மீள இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம்.

ஆயினும் பழுதுபார்க்கப்பட்ட தசை முன்பிருந்த தசை அன்று. ஒருமுறை இறக்கத்தில் ஓடியவர் சில வாரங்கள் கழித்து மீண்டும் ஓடினால், சிதைவும் வலியும் வெகுவாகக் குறைகின்றன. இழைகளில் கூடுதலாகச் சார்கோமியர்கள் கோக்கப்படுவது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே மாரத்தானுக்கு ஐந்தாறு வாரம் முன்பு அதே மலையிறக்கம் ஏறக்குறைய ஒரு தடுப்பூசி. பதினைந்து நாள் முன்பு, அதுவும் இறங்கிப் பழகாத கால்களுக்கு, நோயேதான்.

எனவே வாசகர் ரிலேயை விட்டுவிட வேண்டியதில்லை. சமதளக் கட்டங்கள் மிகுந்த வரிசையைக் கேட்டு வாங்கி, பந்தய வேகத்தில் அல்லாமல் பயிற்சி வேகத்தில் ஓடி, அந்த வாரத்தின் மற்ற ஓட்டங்களைப் பெருமளவு குறைத்துக்கொண்டால் போதும். மாரத்தானுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் ஓடும் தூரத்தை ஏறத்தாழப் பாதியாக்குவது எப்படியும் வழக்கம்தான். ரிலேயின்போது இழந்த உறக்கத்தை அடுத்த சில இரவுகளில் ஈடுகட்ட வேண்டும். ரிலே முடிந்த மூன்றாம் நாள் வீட்டுப் படிகளில் இறங்கும்போதும் தொடை வலித்தால், வலி அடங்கும்வரை ஓடாமல் நடையோடு நிறுத்திக்கொள்ளட்டும்.