நாள் குறித்தது வானம்

சீனர்களின் காதலர் தினம் அவர்களுடைய நாள்காட்டியில் ஏழாம் மாதம் ஏழாம் நாள் வருகிறது. பெயர் சீஷி. ரோஜாவும் சாக்லேட்டும் இப்போது இதிலும் புகுந்துவிட்டன. அன்றைக்கே திருமணத்தைப் பதிவு செய்யத் துடிக்கும் ஜோடிகளும் உண்டு. ஆனால் நாள் குறித்ததில் கடைக்காரர்களுக்குப் பங்கில்லை.

கதை இதுதான். வானுலகில் நெசவு செய்யும் ஒருத்தி, பூமியில் மாடு மேய்க்கும் ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. நடுவே ஓர் ஆற்றை ஓடவிட்டுப் பிரித்துவிடுகிறார்கள். வருடத்தில் ஒரே ஒரு ராத்திரி, மாக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவைகள் கூட்டமாக வந்து பாலம் கட்ட, இருவரும் சந்திக்கிறார்கள்.

அந்த ஆறு பால்வீதி. நெசவுக்காரி, வேகா நட்சத்திரம்; நம் மரபில் அபிஜித். மாட்டுக்காரன், ஆல்டேர், நம் பஞ்சாங்கத்துத் திருவோணம். ஆல்டேருக்கு இரு பக்கமும் மங்கலாக ஒவ்வொரு நட்சத்திரம் இருக்கும், மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில். மனைவியைத் தேடிப் புறப்பட்டவன் பிள்ளைகள் இரண்டையும் கூடைகளில் வைத்துக் காவடியாகத் தோளில் சுமந்து போகிறான் என்பது சீனர்களின் கற்பனை. இந்த நட்சத்திரங்கள் சீனாவின் மிகப் பழைய பாடல்களிலேயே வருகின்றன. காதல் பிற்பாடு, சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ஹான் அரசர்கள் காலத்தில்தான் ஒட்டிக்கொண்டது.

சரி, ஏன் ஏழாம் மாதம்? அது ஆகஸ்ட் வாக்கில் வரும். ஆகஸ்டில் இரவு 9 மணி வாக்கில் இந்த இரண்டும் ஆற்றின் இரு கரையிலும் உயரத்தில் நிற்கும். பழைய தலைநகரான சியானில் வேகா கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே. உச்சியைப் பார்க்கும்போதுதான் நமக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே காற்று குறைவு. மங்கலான பால்வீதிகூடத் தெளிவாகத் தெரியும்.

ஏழாம் நாளுக்குக் காரணம் நிலா. சீன மாதம் அமாவாசையில் தொடங்குவதால் ஏழாம் நாள் எப்போதும் ஏறக்குறைய அரை நிலாதான். முன்னிரவில் அதன் வெளிச்சம் பட்டுப் பால்வீதி மங்கும். ஆறு வற்றியது போலிருக்கும். நள்ளிரவுக்கு முன்பே நிலா இறங்கிவிட, ஆறு மறுபடி பெருகும். கடந்து போய்வரக் கிடைப்பது அந்தச் சில மணி நேரம். இவ்வளவு பொருத்தம் தற்செயலாக அமைந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

பெண்களின் பழைய வழக்கத்துக்கும் அதே நிலா வேண்டும். அரை வெளிச்சத்தில் ஊசியில் வண்ண நூல் கோப்பார்கள். கோத்துவிட்டால் நெசவுக்காரியின் கைத்திறன் கிட்டும். சிலந்தியைப் பெட்டியில் அடைத்து, காலையில் வலை எவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருக்கிறது என்று பார்ப்பதும் உண்டு. அப்புறம், சீஷி முடிந்ததும் மாக்பைகளின் தலை மொட்டையாகிவிடும், பாலத்தில் நடந்தவர்கள் மிதித்ததால் என்பார்கள். இறகு உதிர்வது உண்மை. குஞ்சுகளை வளர்த்து முடித்தபின், கோடைக் கடைசியில் மாக்பைகள் பழைய இறகை உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்கின்றன.

நட்சத்திரங்கள் நெருங்கி வருவதில்லை என்பது வேறு விஷயம். வேகா நம்மிடமிருந்து 25 ஒளியாண்டு, ஆல்டேர் 17. அவற்றுக்கு இடையே சுமார் 15. ‘சாப்பிட்டாயா’ என்று ஒளி வேகத்தில் கேட்டால்கூடப் பதில் வர 30 வருடம்.

பன்னிரண்டு நிலா மாதங்களைக் கூட்டினால் 354 நாள்தான் வரும். சூரிய ஆண்டுக்குச் சுமார் 11 நாள் குறைவு. அப்படியே விட்டால் சீஷி கோடையிலிருந்து நழுவிக் குளிர்காலத்துக்குப் போய்விடும். அதனால் 19 ஆண்டுகளில் 7 முறை ஓர் அதிக மாதத்தைச் சேர்க்கிறார்கள். 2024இல் ஆகஸ்ட் 10, 2025இல் ஆகஸ்ட் 29, 2026இல் ஆகஸ்ட் 19 என்று தேதி ஆடினாலும் வானம் மாறுவதில்லை.

இதே விழா ஜப்பானில் தனபதா. 1873இல் ஜப்பான் ஆங்கில நாள்காட்டிக்கு மாறியபோது எண்ணை மட்டும் காப்பாற்றி ஜூலை 7 ஆக்கினார்கள். அது அங்கே மழைக்காலம். நிலாவும் அன்றைக்கு எந்த வடிவத்திலும் இருக்கலாம். மூங்கிலில் வேண்டுதல் சீட்டுகளைக் கட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தால் பெரும்பாலும் மேகம்தான். செண்டாய் நகரம் ஆகஸ்ட் 6 முதல் 8 வரை கொண்டாடிச் சமாளிக்கிறது. ஜப்பானின் தேசிய வானியல் ஆய்வகமோ 2001 முதல் பழைய கணக்குப்படியான தனபதா தேதியை ஆண்டுதோறும் அறிவித்து, அன்றிரவு விளக்குகளை அணைத்துவிட்டு வானம் பார்க்கச் சொல்கிறது.