மாத்திரை மனசுக்கு, குமட்டல் வயிற்றுக்கு

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "அம்மாவுக்கு மனச்சோர்வு என்று டாக்டர் எஸ்சிட்டலோபிராம் எழுதிக் கொடுத்து நாலு நாள் ஆகிறது. சட்னி தாளிக்கிற வாசனைக்கே ஓங்கரிக்கிறார். மாத்திரை மனசுக்குத்தானே, வயிறு ஏன் இப்படிப் படுத்துகிறது? பக்கத்து வீட்டு அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டு, மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்கிறார்."

கயிற்றுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் வயிறு.

நரம்பு செல் ஒன்று அடுத்த செல்லுக்குச் சேதி சொல்ல செரோடோனின் என்ற வேதிப்பொருளை வெளியே விடும். வேலை முடிந்ததும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மாத்திரை அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. சரி, இது மூளைக் கதை. ஆனால் நம் உடம்பிலுள்ள செரோடோனினில் 90 சதவீதத்துக்கு மேல் இருப்பது குடலில்!

குடலின் உள்சுவரில் இங்கொன்றும் அங்கொன்றுமாக என்டெரோகுரோமாஃபின் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. ராக்காவல்காரர் மாதிரி, உள்ளே போவதையெல்லாம் சோதிப்பது இவற்றின் வேலை. கெட்டுப்போனது தெரியாமல் நேற்றைய பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். நச்சு வந்ததும் இந்த செல்கள் செரோடோனினைக் கொட்டும். பக்கத்திலேயே, வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் நுனிகள் காத்திருக்கின்றன. அங்குள்ள, சேதியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் செரோடோனின் ஒட்டிய மறுகணம் மூளைத்தண்டுக்குத் தகவல் போகிறது: 'வேண்டாதது வந்திருக்கிறது, வெளியேற்று.' வேகஸ் இழைகளில் பெரும்பாலானவை இப்படிக் கீழிருந்து மேலே சேதி கொண்டு போகிறவைதான். பயம் வந்தால் 'வயிற்றில் புளியைக் கரைக்குது' என்கிறோமே, மூளையும் வயிறும் எவ்வளவு நெருக்கம் என்று நம் பேச்சுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

மாத்திரைக்குக் குடல், மூளை என்ற வித்தியாசம் தெரியாது. குடலிலும் உறிஞ்சலைத் தடுக்கிறது. செரோடோனின் தேங்குகிறது, கெட்ட சாப்பாடே இல்லாமல் காவல்காரர் விசில் ஊதுகிறார். அம்மாவின் ஓங்கரிப்பு அதுதான். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு இதற்குப் பழகிவிடுகிறது.

மூளையில் நடப்பது இதற்கு நேர் எதிர். செரோடோனின் கூடியதும் அங்குள்ள உணரிகள் 'போதும், குறை' என்று கட்டளையிடுகின்றன. அவை மெல்ல மழுங்கிய பிறகுதான் பலன் தெரியத் தொடங்கும், இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். தொல்லை முன்னால், நிம்மதி பின்னால். இந்த இடைவெளியில்தான் பலர் மாத்திரையைக் கைவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

செரோடோனினை முதலில் கண்டவர்களில் ஒருவர் இத்தாலியின் விட்டோரியோ எர்ஸ்பாமர். 1930-களில் முயலின் குடலிலிருந்து பிரித்தெடுத்து 'என்டெரமைன்' என்று பெயர் வைத்தார். ஆக்டோபஸின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அதையே கண்டார். கடலூர் முதுநகர் வலையில் சிக்கும் பேய்க்கணவாய்தான் ஆக்டோபஸ். 1948-இல் அமெரிக்காவில் ரத்தத்திலிருந்து பிரித்த செரோடோனினும் இதுவும் ஒன்றே என்பது 1952-இல் உறுதியானது. மனச்சோர்வைப் பற்றி அன்று யாரும் யோசிக்கவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் 'என்ன பயன்?' என்றே முதலில் கேட்கும் நம் வழக்கம் மாற வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி அம்மாவுக்கு. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், இரண்டு இட்லி போதும். தூக்கம் கெட்டால் காலையில், தூக்கமாக வந்தால் இரவில் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். குறைந்த அளவில் தொடங்கி ஏற்றுவதும் உண்டு. வாந்தி மாத்திரை ஓண்டான்செட்ரானை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். எஸ்சிட்டலோபிராமோடு சேர்ந்தால் சிலருக்கு இதயத் துடிப்பின் தாளம் கெடலாம். திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

கயிறு கட்டுவதால் கெடுதல் இல்லை, கட்டிக்கொள்ளட்டும். ஆனால் கயிற்றுக்காக மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

தாங்க முடியாத படபடப்பு, குழப்பம், காய்ச்சலோடு நடுக்கம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி போங்கள். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களை முதல் சில வாரம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. தமிழிலேயே பேசலாம்.